முத்திரை, காந்த ஊசி, ஈரம்

இங்கிலாந்தின் தென்மேற்கே டெவன் மாவட்டத்தில் டார்ட்மூர் என்றொரு மேட்டுநிலம் இருக்கிறது. 954 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தேசியப் பூங்கா அது. மரங்கள் குறைவு. கால் வைத்தால் அமுங்கும் கறுத்த மட்குமண், அதற்கு மேல் புல்லும் புதரும், இடையிடையே தலைநீட்டும் கிரானைட் பாறைக்குன்றுகள், அடிக்கடி இறங்கும் மூடுபனி. இதன் வடபகுதியில், சாலையெல்லாம் முடிந்துபோன இடத்தில், க்ரான்மியர் பூல் என்றொரு பள்ளம் உண்டு. குளம் என்று பேர்தான். நீர் வடிந்து போய் வெகுகாலமாகிறது. சாக்ஃபோர்டு ஊரைச் சேர்ந்த ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி 1854இல் அந்தப் பள்ளத்தில் ஒரு கண்ணாடிக் குடுவையை வைத்தார். தன்னோடு அவ்வளவு தூரம் நடந்து வந்த சீமான்கள் தங்கள் பெயர்ச்சீட்டைப் போட்டுவிட்டுப் போகட்டும் என்பதுதான் நோக்கம்.

பிறகு வந்தவர்கள் தங்கள் முகவரி எழுதிய அஞ்சலட்டையை அங்கே விட்டுச் செல்லத் தொடங்கினார்கள். அடுத்து வருபவர் அதை எடுத்துப்போய் ஊரில் தபாலில் சேர்ப்பார். ‘லெட்டர்பாக்ஸ்’ என்ற பெயர் நிலைத்தது இப்படித்தான். 1894இல் பெல்ஸ்டோன் குன்றில் இரண்டாவது பெட்டி வந்தது. டார்ட்மூரைப் பற்றி விரிவாக எழுதிய வில்லியம் கிராஸிங்கின் நினைவாக 1938இல் டக்ஸ் பூலில் இன்னொன்று வைத்தார்கள். இன்று அந்த மேட்டுநிலத்தில் பெட்டிகள் ஆயிரக்கணக்கில் ஒளிந்திருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு ரப்பர் முத்திரையும் ஒரு நோட்டும் இருக்கும். தேடிக் கண்டுபிடித்தவர் பெட்டியின் முத்திரையைத் தன் நோட்டில் பதித்துக்கொள்கிறார், தன் முத்திரையைப் பெட்டியின் நோட்டில் பதிக்கிறார், எடுத்த இடத்திலேயே மூடி வைத்துவிட்டுப் போகிறார். பரிசு ஏதும் கிடையாது.

அமெரிக்கர்களுக்கு இது வெகுநாள் தெரியாமல் இருந்தது. 1998இல் ஸ்மித்சோனியன் இதழில் வந்த ஒரு கட்டுரைதான் அங்கே இந்த வழக்கத்தைப் பரப்பியது.

புதிதாக இறங்குகிறவருக்கு வேண்டிய சாமான் பட்டியல் சிறியது: சொந்தமாக ஒரு முத்திரை, மைத்திண்டு, தடித்த தாள் நோட்டு, பென்சில், திசைகாட்டி, வரைபடம், பெட்டி இருக்கும் இடம் பற்றிய துப்பு. எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டுவிடலாம். இதைக் கட்டாகக் கட்டி விற்கவும் செய்கிறார்கள். வாங்காதீர்கள் என்பேன். இந்தச் சாமான்களில் ஒவ்வொன்றும் கெட்டுப்போக ஒரு வழி வைத்திருக்கிறது. அந்த வழி தெரிந்தவர் சரியானதைப் பொறுக்கி எடுப்பார். தெரியாதவருக்கு விலை உயர்ந்த பையும் உதவாது.

முத்திரையிலிருந்து தொடங்கலாம். கடையில் செய்துகொடுக்கும் முத்திரையை இந்த வட்டத்தில் யாரும் அவ்வளவாக மதிப்பதில்லை. ஒரு பெரிய அழிரப்பரில் கையால் செதுக்கியதற்குத்தான் மரியாதை. அழிரப்பர் என்று சொன்னாலும் இன்றைக்குக் கடைகளில் கிடைக்கும் வெள்ளை அழிப்பானில் பெரும்பாலும் ரப்பர் இல்லை. அது பிவிசி பிளாஸ்டிக். குழாய் செய்யும் அதே பிவிசிதான். ஆனால் நெகிழ்வூட்டி எனப்படும் எண்ணெய் போன்ற திரவம் ஏராளமாகக் கலந்திருப்பதால் மென்மையாகிவிட்டது. செதுக்குபவருக்கு இது வரப்பிரசாதம். கத்தி எந்தத் திசையில் போனாலும் ஒரே மாதிரி வெட்டும், மரத்தைப்போல நார் குறுக்கிடாது.

அந்த நெகிழ்வூட்டிதான் வில்லனும். அது பிவிசியோடு வேதிப்பிணைப்பில் இல்லை, இடையிடையே தங்கியிருக்கிறது, அவ்வளவுதான். பக்கத்தில் பாலிஸ்டைரீன் போன்ற வேறொரு பிளாஸ்டிக் ஒட்டிக்கொண்டிருந்தால் மெல்ல அதற்குள் கசிந்து அதை இளக்கிவிடும். பள்ளிக்கூட ஜியாமெட்ரி பெட்டியில் அழிரப்பரும் ஸ்கேலும் கோடை விடுமுறை முழுக்க ஒட்டிக் கிடந்து, பிரித்தபோது ஸ்கேலில் பள்ளம் விழுந்திருந்ததைப் பலர் பார்த்திருப்பார்கள். அதே வினைதான் ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து செதுக்கிய முத்திரையையும் அதை வைத்த கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டப்பாவையும் ஒன்றாக்கிவிடும். பரிகாரம் எளிது. முத்திரையை ஒரு துண்டுத் தாளில் சுற்றி வையுங்கள், அல்லது மரத்துண்டில் ஒட்டி முகம் எதிலும் படாதபடி துணிப்பையில் போடுங்கள்.

படத்தை அழிரப்பரில் ஏற்றுவது எப்படி? மெல்லிய தாளில் பென்சிலால் அழுத்தி வரையுங்கள். அதைக் கவிழ்த்து ரப்பரின்மேல் வைத்து நகத்தால் தேயுங்கள். பென்சிலின் கிராஃபைட் வழுக்கும் அடுக்குகளால் ஆனது. தாளைவிட ஒட்டும் தன்மை கூடிய பிவிசி அதைக் கவர்ந்துகொள்ளும். படம் இடவலம் மாறி ரப்பரில் விழும், பதிக்கும்போது இன்னொரு முறை மாறி நேராகிவிடும். பெயரை எழுத நினைப்பவர்கள் தலைகீழாக யோசித்துத் திணற வேண்டியதில்லை.

வெட்டும்போதுதான் புதியவர்கள் தவறுகிறார்கள். கோட்டின் இருபுறமும் கத்தியை உட்புறமாகச் சாய்த்து இறக்கினால், நிற்கவேண்டிய கோடு மேலே அகலமாகவும் அடியில் ஒல்லியாகவும் ஆகிவிடும். அழுத்தும்போது அது மடிந்து விழுந்து, படம் தடித்துக் கலங்கும். கத்தியை வெளிப்புறம் சாய்த்து, அடி அகலமாக, வயல் வரப்பின் வாகில் வெட்ட வேண்டும். ஒரு சுவர் வளைவதை எதிர்க்கும் வலிமை அதன் தடிமனின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். அடிப்பகுதி இரண்டு பங்கு தடித்தால் எட்டு பங்கு விறைப்பு. ஒரு மில்லிமீட்டர் கோட்டுக்கு இது வாழ்வா சாவா என்கிற கணக்கு. நுணுக்கமான சித்திரமெல்லாம் முதல் முத்திரைக்கு வேண்டாம். ஓர் இலை, ஒரு மீன், ஓர் எழுத்து போதும்.

உண்மையான ரப்பரில் செய்த முத்திரை வேண்டுமென்றால் அது வேறு கதை. ரப்பரால் தேய்த்தால் பென்சில் கோடு அழிகிறது என்று 1770இல் ஜோசப் பிரீஸ்ட்லி எழுதியிருக்கிறார். ஆனால் அந்தக் காலத்து ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். 1839இல் சார்லஸ் குட்இயர் அதைக் கந்தகத்தோடு சூடேற்றி, நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளைக் குறுக்கே பிணைக்கும் வழியைக் கண்டறிந்த பின்தான் அழுத்தினால் அமுங்கி, விட்டால் பழைய வடிவுக்கே திரும்பும் பொருள் கிடைத்தது. முத்திரைக்கு வேண்டிய குணம் அதுதான். தாள் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் மேடுபள்ளம் நிறைந்தது. உலோக அச்சு மேடுகளை மட்டும் தொடும். ரப்பர் பள்ளத்துக்குள்ளும் இறங்கும். மலையுச்சியில் முழங்காலின்மேல் நோட்டை வைத்துப் பதிக்கிறவருக்கு இது பேருதவி.

மையில் இரண்டு சாதி. சாயமை நீரில் கரைந்திருக்கும், தாளின் நார்களுக்குள் ஊறிச் சட்டென உலரும். மழைத்துளி பட்டால் மறுபடி கரைந்து ஓடும். நிறமி மையில் கரையாத நுண்துகள்கள் மிதக்கின்றன. அவை தாளின் மேற்பரப்பில் தங்கிவிடும். உலர நேரம் பிடிக்கும், உலர்ந்தபின் நீருக்கு அசையாது. டார்ட்மூர் மழைக்கு நிறமிதான் சரி. பதித்த பக்கத்தின்மேல் ஒரு துண்டுத் தாளை வைத்து மூடிக்கொள்ளுங்கள். அழியாத மார்க்கர் பேனாவை மட்டும் முத்திரையில் தொடவிடாதீர்கள். அதிலுள்ள கரைப்பான் ரப்பரைக் கெடுக்கும், கறையும் போகாது.

பல வண்ணம் வேண்டுவோர் நீரில் கரையும் ஸ்கெட்ச் பேனாக்களால் முத்திரையிலேயே வண்ணம் தீட்டுவார்கள். தீட்டி முடிப்பதற்குள் முதலில் தீட்டியது காய்ந்துவிடும். அதற்குக் கைவசம் ஒரு தந்திரம் உண்டு. பதிக்குமுன் முத்திரையின் முகத்தில் ‘ஹா’ என்று மூச்சு விடுவது. மூச்சுக்காற்று உடல் வெப்பத்தில், ஈரம் நிறைந்து வருகிறது. குளிர்ந்த ரப்பரில் பட்டதும் அந்த ஈரம் மெல்லிய படலமாகப் படியும், காய்ந்த வண்ணம் உயிர்பெறும். சென்னை மே மாதத்தில் இது அவ்வளவாகப் பலிக்காது. அங்கே ரப்பர் குளிர்ந்திருக்க வேண்டுமே.

நோட்டுக்குத் தடித்த, வரைவதற்கான தாள். எழுதுவதற்குப் பென்சில். பால்பாயின்ட் பேனாவின் பசைமை குளிரில் இறுகும், ஈரத்தாளில் பிடிக்காது. கிராஃபைட்டுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

இனி திசைகாட்டி. பையில் இதுவே மிக முக்கியமான பொருள். துப்புகளில் பெரும்பகுதி பாகைக் கணக்கில்தான் இருக்கும். ஒரு தேவாலயக் கோபுரம் இத்தனை பாகையில் தெரிகிறது, ஒரு பாறைக்குன்று இத்தனை பாகையில், நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து இத்தனை எட்டில் ஒரு கல்லுக்கடியில் என்று எழுதியிருப்பார்கள். இதன் கணிதம் பழையது. தெரிந்த இரண்டு இடங்களின் திசையை அளந்தால், வரைபடத்தில் அவ்விடங்களிலிருந்து எதிர்த்திசையில் இரண்டு கோடுகள் இழுக்கலாம். அவை வெட்டும் புள்ளியில் நீங்கள் இருக்கிறீர்கள். 1802இல் பரங்கிமலைக்கு அருகே வில்லியம் லாம்ப்டன் அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரும் நில அளவையும் கோணங்களை நம்பியே இந்தியா முழுக்கப் போனது. அவரிடம் அரை டன் எடையுள்ள தியோடலைட் இருந்தது. உங்களிடம் உள்ளங்கையளவு பிளாஸ்டிக் தட்டு. ஆகவே பிழையைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

ஒரு பாகை பிழை ஒரு கிலோமீட்டர் தொலைவில் 17 மீட்டருக்குச் சற்று மேல். கையில் பிடித்து அளக்கும் திசைகாட்டியில் இரண்டு மூன்று பாகை பிசகுவது சாதாரணம். அப்படியானால் இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் குன்றை வைத்து நீங்கள் குறிக்கும் இடம் நூறு மீட்டர் வரை நகரலாம். நூறு மீட்டர் வட்டத்தில் எத்தனை கற்கள் கிடக்கும் என்று டார்ட்மூரில் நின்று பார்த்தால் தெரியும். எனவே தூரத்துக் குன்றைவிடப் பக்கத்துப் பாறை மேல். தேர்ந்தெடுக்கும் இரண்டு அடையாளங்களும் ஒன்றுக்கொன்று செங்கோணத்துக்கு அருகில் இருப்பது நல்லது. அவற்றுக்கிடையே 20 பாகைதான் என்றால் கோடுகள் சாய்வாக உரசி வெட்டும், அதே அளவுப் பிழை ஏறக்குறைய மூன்று மடங்காகப் பெருகும். மூன்றாவது அடையாளம் ஒன்று கிடைத்தால் விடாதீர்கள். மூன்று கோடுகளும் ஒரே புள்ளியில் சந்திக்காமல் ஒரு சிறு முக்கோணம் விழும். அந்த முக்கோணத்தின் அளவு உங்கள் கைநடுக்கத்தைச் சொல்லிவிடும்.

துப்பில் இருக்கும் எண் எப்போது எழுதப்பட்டது என்பதையும் கேட்டாக வேண்டும். காந்த ஊசி காட்டும் வடக்கு உண்மை வடக்கு அல்ல. பூமியின் வெளிக்கருவில் உருகிய இரும்பு ஓடிக்கொண்டிருப்பதால் அந்த விலக்கம் ஆண்டுதோறும் மாறுகிறது. ஜேம்ஸ் பெரட் குடுவை வைத்த காலத்தில் அவருடைய ஊசி உண்மை வடக்கிலிருந்து 20 பாகைக்கும் மேலாக மேற்கே ஒதுங்கி நின்றிருக்கும். 1980களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 7 பாகை. லண்டன் கிரீனிச்சில் 2019இல் அது பூஜ்யத்தைத் தொட்டது, 360 ஆண்டுகளுக்குப் பிறகு. டார்ட்மூர் மேற்கே இருப்பதால் அங்கே இது அதற்குச் சில ஆண்டுகள் பிந்தியே நிகழ்கிறது. 1980இல் ஒருவர் ஊசியைப் பார்த்து எழுதி வைத்த பாகையை இன்று அப்படியே பின்பற்றினால் அரைக் கிலோமீட்டரில் 60 மீட்டர் தள்ளிப் போய் நிற்பீர்கள். அங்கே பெட்டி இல்லை என்று வைத்தவரைத் திட்டுவதில் பொருளில்லை. பழைய துப்புகளைக் கையாளும்போது ஆண்டைப் பார்த்துக் கழித்துக்கொள்வதுதான் முறை.

வரைபடத்துக்கும் தனியாக ஒரு வடக்கு உண்டு. உருண்டைப் பூமியைத் தட்டைத் தாளில் கட்டம் போட்டு வரைவதால் வரும் கட்ட வடக்கு அது. 2022 நவம்பரில் உண்மை, காந்தம், கட்டம் என மூன்று வடக்குகளும் பிரிட்டனின் வரைபட வரலாற்றில் முதன்முறையாக ஒரு புள்ளியில் ஒன்றாயின. டார்செட் கடற்கரையில் லாங்டன் மாட்ராவர்ஸ் என்ற சிற்றூரில். டார்ட்மூரில் இப்போது காந்த வடக்குக்கும் கட்ட வடக்குக்கும் உள்ள வேறுபாடு ஓரிரு பாகைதான். புதியவர் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டாலும் பெரிய நட்டமில்லை. இந்தக் கலையைக் கற்க இது நல்ல காலம் என்றே சொல்லலாம்.

பிள்ளைகளைப் பார்க்க லண்டனுக்கோ பிரிஸ்டலுக்கோ போகிற நம்மவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்றும் உண்டு. இங்கே வாங்கிய திசைகாட்டியை அங்கே எடுத்துப் போகாதீர்கள். பூமியின் காந்தக் கோடுகள் தரைக்கு இணையாக ஓடுவது காந்த நடுக்கோட்டில் மட்டும்தான். அந்தக் கோடு தென்னிந்தியாவின் முனைக்கு அருகே செல்கிறது. 1963இல் தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் அமைத்ததற்கும், திருநெல்வேலியில் புவிகாந்த ஆய்வுக்கூடம் இருப்பதற்கும் அதுவே காரணம். டெவனில் அதே கோடுகள் ஏறத்தாழ 65 பாகை சரிந்து தரைக்குள் பாய்கின்றன. ஊசியின் வடமுனையும் கூடவே தலைகுனிய முயலும். அதைச் சமன்செய்ய ஊசியின் மறுபக்கம் சிறு எடை வைத்தே அந்தந்த வட்டாரத்துக்குத் திசைகாட்டி செய்கிறார்கள். நம் ஊர்ச் சமநிலையில் செய்த ஊசி அங்கே முகப்பை உரசிக்கொண்டு திரும்ப மறுக்கும். கோளாறு ஊசியில் இல்லை, இடத்தில்.

தூரத்தை எட்டுக்கணக்கில் அளக்க, ஊரிலேயே 100 மீட்டரை அளந்து நடந்து பாருங்கள். இடது கால் எத்தனை முறை தரையைத் தொட்டது என்று எண்ணுங்கள். பெரியவர்களுக்கு அறுபது, அறுபத்தைந்து வரும். ஏற்றத்திலும் சதுப்பிலும் எட்டு குறுகும், எண்ணிக்கை கூடும். துப்பு எழுதியவர் நெட்டையா குட்டையா என்பது உங்களுக்குத் தெரியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

தேடும் பை போக, சிலர் முதல் நாளே சொந்தமாக ஒரு பெட்டி வைத்துவிடத் துடிப்பார்கள். அவசரம் வேண்டாம். பிறர் வைத்த பெட்டிகளைத் திறந்து பார்த்த பிறகு வையுங்கள், ஏனென்றால் பாதியில் தண்ணீர் இருக்கும். அது எப்படி உள்ளே வந்தது என்பது சுவையான கேள்வி.

பலரும் காற்றின் ஈரத்தைக் குறை சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20 டிகிரி செல்சியஸில் ஈரம் நிறைந்த ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 17 மில்லிகிராம் நீராவி இருக்கும். 5 டிகிரிக்குக் குளிர்ந்தால் அது சுமார் 7 மில்லிகிராமைத்தான் தாங்கும். மீதி 10 மில்லிகிராம் படியும். ஒரு சொட்டு நீரில் ஐந்தில் ஒரு பங்கு. இதனால் நோட்டு நனையாது. ஆனால் அதே குளிர்ச்சியில் பெட்டிக்குள் காற்றழுத்தம் ஐந்து விழுக்காடு குறைகிறது. அது அரை மீட்டர் உயர நீரை உறிஞ்சத் தக்க இழுவிசை. மூடியின் விளிம்பில் மயிரிழை இடைவெளி இருந்து, அதன்மேல் மழைநீர் தேங்கி நின்றால், இரவில் பெட்டி அந்த நீரைக் குடித்துவிடும். பகலில் சூடேறும்போது காற்று வெளியே போகும், நீர் அடியில் தங்கிவிடும். மறுநாள் இரவு மறுபடி ஒரு மிடறு. இப்படியே ஒரு குளிர்காலம்.

ஆகவே நாலுபக்கமும் கொக்கி போட்டு மூடும், ரப்பர் வளையம் உள்ள டப்பாவையே தேர்ந்தெடுங்கள். மூடியில் நீர் தேங்காதபடி சாய்த்து வையுங்கள். மண்துகள் ஒன்று வளையத்தில் சிக்கினாலும் போதும், எனவே மூடுமுன் விரலால் வழித்துவிடுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலத்தை நம்பிப் பயனில்லை. கசியும் பெட்டியில் அது சில நாளில் நிறைந்து ஓய்ந்துவிடும். ஈரக்கையோடு நோட்டைத் தொட்டவரும் ஓர் ஈரமான அக்டோபருக்குச் சமம். முத்திரைக்கு ஒன்று, நோட்டுக்கு ஒன்று என ஜிப் பைகள் தனித்தனியாக இருக்கட்டும்.

வைக்கும் இடத்துக்கும் விதி உண்டு. டார்ட்மூரில் வெண்கலக் காலத்துக் கல்வரிசைகளும் கற்குவைகளும் ஏராளம். அவற்றுக்குள்ளோ அருகிலோ, சுவர்களிலோ பெட்டி வைக்கக் கூடாது. குழி தோண்டவோ சிமென்ட் பூசவோ கூடாது. தேடுகிறவரும் செடியைப் பிய்த்து, கல்லைப் புரட்டிப் போட்டுப் போகக் கூடாது. ஆயிரம் பேர் தேடினால் ஆயிரம் புரட்டல் என்று எளிதாகச் சொல்லிவிடலாம், பல இடங்களில் மண் அரிப்பு அப்படித்தான் தொடங்கியிருக்கிறது.

பையில் நுனி மெலிந்த ஓர் இடுக்கியும் போடுங்கள். புதரில் உண்ணி உண்டு, சிலவற்றில் லைம் நோய்க் கிருமியும் உண்டு. கடித்திருந்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுக்க வேண்டும். எண்ணெய் தடவுவது, தீக்குச்சி வைப்பது எல்லாம் கிருமியை உள்ளே கக்க வைக்கும் வேலை. பிறகு சில வாரங்களுக்குள் கடிவாயைச் சுற்றிச் சிவப்பு வட்டம் விரிந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஜிபிஎஸ் இருக்கும் காலத்தில் இவ்வளவும் எதற்கு என்று கேட்கலாம். 2000 மே மாதம் அமெரிக்க அரசு ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே சேர்த்திருந்த பிழையை நீக்கியது. அடுத்த நாளே ஆரிகன் மாநிலத்தில் டேவ் அல்மர் ஒரு வாளியைப் புதைத்து அதன் ஆயத்தொலைவுகளை வெளியிட்டார். ஜியோகேஷிங் பிறந்தது. அது வேறு ஆட்டம், அதுவும் நல்ல ஆட்டம்தான். அதில் துணைக்கோள் உங்கள் இடத்தைச் சொல்கிறது. இதில் நீங்கள் நிலத்தைப் பார்த்து இடத்தைச் சொல்ல வேண்டும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

முதல் நாளுக்கு க்ரான்மியர் பூல் வேண்டாம். அது ராணுவத்தின் ஓக்ஹாம்ப்டன் சுடுபயிற்சி எல்லைக்குள் இருக்கிறது. பயிற்சி நாட்களில் சிவப்புக் கொடி ஏறும், அன்று உள்ளே போகக் கூடாது. தரையில் கிடக்கும் உலோகப் பொருளைத் தொடவும் கூடாது. கிழக்கு ஓரத்தில் ஹேடோர் குன்றுக்குப் போங்கள். 457 மீட்டர் உயரம், அருகிலேயே சாலை. 1831இல் திறந்த லண்டன் பாலத்துக்குக் கிரானைட் போன கற்குவாரிகளில் ஒன்று அங்கே இருக்கிறது. அந்தப் பாலத்தின் முகப்புக் கற்கள் இப்போது அரிசோனா பாலைவனத்தில் ஒரு ஏரிமேல் நிற்கின்றன என்பது உபரிச் செய்தி. பெட்டியைத் தேடுமுன் குன்றின் உச்சியில் நில்லுங்கள். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பது அங்கே உறுதியாகத் தெரியும். கண்ணுக்குத் தெரியும் மூன்று குன்றுகளைத் திசைகாட்டியால் அளந்து, வரைபடத்தில் அதே மூன்று கோணங்களை எடுத்து ஒப்பிடுங்கள். ஓரிரு பாகைக்குள் ஒத்துவந்தால் தேடத் தொடங்கலாம். பத்து, இருபது என்று தாறுமாறாக வந்தால் சட்டைப்பையில் இருக்கும் கைபேசியை எடுத்துப் பையின் அடியில் போட்டுவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். அதன் ஸ்பீக்கருக்குள் இருக்கும் காந்தத்துக்கு உங்கள் ஊசி வட துருவத்தைவிட மிக அருகில் இருக்கிறது.